பந்து வராத நேரத்தில் நீ என்ன செய்கிறாய்?

ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரத்தை நமக்கு டிஸ்னி வேர்ல்டால்தான் தெரியும். ஜூன் பிறந்துவிட்டால் அங்கே இன்னொரு கூட்டமும் வந்து இறங்கும். முழங்காலில் பட்டை, தோளில் பெரிய பை, இறுக்கிப் பின்னிய சடை என்று ஆயிரக்கணக்கில் பள்ளி மாணவிகள். ஏஏயு என்கிற அமெச்சூர் விளையாட்டு அமைப்பு நடத்தும் தேசிய ஜூனியர் வாலிபால் போட்டிக்கு வந்தவர்கள். உலகின் மிகப் பெரிய வாலிபால் போட்டி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய திருவிழா அது. கன்வென்ஷன் சென்டரின் அரங்குகளுக்குள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோர்ட்டுகள். பக்கத்து கோர்ட்டில் ஊதிய விசிலைத் தன் கோர்ட்டு விசில் என்று நினைத்துப் பந்தை விட்டுவிடுகிற பிள்ளைகளும் உண்டு.

இந்த இரைச்சலுக்கு நடுவே, எண்டு லைனுக்குப் பின்னால் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். சட்டையில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் சின்னம் இருக்கும். மடியில் ஐபேட் அல்லது கசங்கிய நோட்டு. யார் என்ன அடித்தாலும் கைதட்ட மாட்டார்கள். கவனித்துப் பார்த்தால் இன்னொன்றும் புரியும்: பந்து இடது பக்கம் பறந்துகொண்டிருக்கும்போது இவர்களில் ஒருவர் வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே பந்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண், பிளாக் போட்டு இறங்கி, மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்வாங்கி, மறுபடி ஓடி எழும்பியிருப்பாள். பந்து அவளுக்கு வரவே இல்லை. அந்தக் கல்லூரிக் கோச்சின் பேனா நகர்ந்துவிட்டது.

அமெரிக்கக் கல்லூரிகள் வாலிபால் அணிக்கு ஆள் எடுக்கும் முறை முழுவதும் அந்தப் பேனா நகர்ந்த இடத்தில் இருக்கிறது. பெற்றோர் எடுத்து அனுப்பும் வீடியோவில் இருபது ஸ்மாஷ் இருக்கும், இருபதும் பாயின்ட். கோச்சுக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. அவர் "நல்ல ஆட்டக்காரி" ஒருத்தியைத் தேடவில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் அணியில் காலியாகப்போகிற ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தேடுகிறார். கல்யாண சமையலுக்கு ரசம் வைக்க ஆள் தேடுகிறவரிடம் போய் ஜிலேபி சுற்றிக் காட்டினால் என்ன ஆகும்? ஜிலேபி நன்றாகத்தான் இருக்கும்.

92,003 பேர்

இதை நாம் ஏன் இவ்வளவு விலாவாரியாகப் பார்க்க வேண்டும்? ஒரே ஓர் எண்ணிக்கை போதும். 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில், பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தின் நடுவே ஒரு வாலிபால் கோர்ட்டு போட்டார்கள். நெப்ராஸ்கா மகளிர் அணிக்கும் ஒமஹா மகளிர் அணிக்கும் ஆட்டம். பார்க்க வந்தவர்கள் 92,003 பேர். கல்லூரிப் பெண்கள் ஆடும் வாலிபால் ஆட்டத்துக்கு!

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பிரேசிலை 3-0 என்று வீழ்த்தி, மகளிர் வாலிபாலில் அமெரிக்கா முதல் தங்கம் வாங்கியது. அந்த அணியின் 12 பேரும் கல்லூரி அணிகளில் ஆடி வளர்ந்தவர்கள். அங்கே கல்லூரிதான் நாற்றங்கால். என்சிஏஏ என்கிற கல்லூரி விளையாட்டுச் சம்மேளனத்தின் முதல் பிரிவில் மட்டும் முன்னூறுக்கும் மேற்பட்ட மகளிர் வாலிபால் அணிகள் இருக்கின்றன. 1972-ல் வந்த டைட்டில் நைன் சட்டம் கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு வேண்டும் என்றது. இந்த அணிகளெல்லாம் அதன் நிழலில் தழைத்தவை. ஆண்கள் அணிகளின் எண்ணிக்கை அதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் பெண் பிள்ளைகளைப் பற்றியே பேசும்.

பணக் கணக்கு அண்மையில் மாறியது. நெடுங்காலம் முதல் பிரிவுக் கல்லூரி ஒன்று மகளிர் வாலிபாலுக்கு 12 உதவித்தொகை வரை தர முடிந்தது. தந்தால் படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாமும் அடங்கிய முழுத்தொகையாகத் தர வேண்டும் என்று விதி இருந்தது. 2025 ஜூனில் ஒரு பெரிய வழக்கு சமரசமாக முடிந்தது. அதை ஏற்ற கல்லூரிகளுக்கு உதவித்தொகை உச்சவரம்பு போய், அணியில் 18 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற ஆள் வரம்பு வந்தது. அந்த 18 பேருக்கும் முழுதாகவோ பங்கு போட்டோ கொடுத்துக்கொள்ளலாம். கேட்க நல்ல செய்திதான். ஆனால், உதவித்தொகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன் என்று வருகிறவர்களுக்கு இருந்த கதவு இதனால் பாதி சாத்தப்பட்டது.

அதற்கும் முன்பே இன்னொரு போட்டி முளைத்திருந்தது. 2018-ல் தொடங்கிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். ஒரு கல்லூரியில் ஆடுகிறவர் வேறு கல்லூரிக்குப் போக விரும்பினால் அதில் பெயரைப் போடுவார். கோச்சுக்கு இப்போது இரண்டு வழி. பதினேழு வயதுப் பெண்ணை எடுத்து இரண்டு வருடம் பக்குவப்படுத்தலாம். அல்லது இருபத்தொரு வயதில் கல்லூரி ஆட்டம் ஆடிப் பழகியவளை எடுத்து அடுத்த மாதமே இறக்கலாம். பள்ளி மாணவியின் நான்கு நிமிட வீடியோ இனி இன்னொரு பள்ளி மாணவியோடு மட்டும் மோதவில்லை.

தூக்கிக் கொடுக்கிறவள்

நம் ஊர்க் களங்களில் பழைய ஆட்கள் இன்றும் "பூஸ்டர்" என்பார்கள். புதியவர்களுக்கு செட்டர். ஆறு இடங்களில் இதை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், தங்கள் திறமையைக் காட்டுவதில் அதிகம் தவறுகிறவர்கள் செட்டர்கள்தான் என்பது.

18 பேர் கொண்ட அணியில் செட்டர் பொதுவாக இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். ஒருத்தி நான்கு வருடம் ஆடுவாள். அப்படியானால் ஒரு கல்லூரியில் செட்டர் இடம் காலியாவது சராசரியாக ஒன்று, இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை. உங்கள் மகள் பள்ளி முடிக்கும் ஆண்டும் அந்த இடம் காலியாகும் ஆண்டும் பொருந்த வேண்டும். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். எந்தக் கல்லூரியில் செட்டர் எந்த ஆண்டு வெளியேறுகிறார் என்பது அணிப் பட்டியலில் எல்லாரும் பார்க்கும்படியே இருக்கிறது. அதைப் பார்க்காமல் நூறு கல்லூரிக்கு ஒரே கடிதம் அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

வீடியோவில் என்ன இருக்க வேண்டும்? ரிசீவ் ஒழுங்காக நெட்டுக்கு வந்து, செட்டர் நின்ற இடத்திலிருந்தே அழகாகத் தூக்கிக் கொடுத்த பந்துகளை அடுக்குகிறார்கள். அதை எந்தச் செட்டரும் செய்வாள். கோச் பார்க்க ஆசைப்படுவது கெட்டுப்போன பந்தை. ரிசீவ் பத்தடி பின்னால் போய்விட்டது, செட்டர் ஓடுகிறாள், ஓடியவள் உடம்பைத் திருப்பி நிறுத்த நேரம் எடுத்துக்கொண்டாளா? அந்தப் பந்தையும் நடுவில் நிற்கிறவளுக்குக் கொடுக்கத் துணிந்தாளா, அல்லது பயந்து இடது மூலைக்கு உயரமாகப் போட்டுவிட்டாளா? முதுகுக்குப் பின்னால் கொடுக்கும்போது இடுப்பு முன்கூட்டியே வளைந்து எதிரணிக்குக் காட்டிக்கொடுக்கிறதா? 20-20 என்று இருக்கும்போது யாரை நம்பினாள்?

இதற்குக் கேமரா செட்டரின் மீது மட்டும் இருந்தால் போதாது. அடிக்கிறவர்களும் எதிரணியின் பிளாக்கும் தெரிய வேண்டும். செட்டரின் வேலை கையில் முடிவதில்லை. எதிரில் எத்தனை பேர் பிளாக்குக்கு எழும்பினார்கள் என்பதில்தான் முடிகிறது. தன் அடிப்பவளை ஒற்றை பிளாக்குக்கு எதிரே நிறுத்திவிட்டாள் என்றால், அந்த ஸ்மாஷ் வெளியே போயிருந்தாலும் கோச்சின் நோட்டில் செட்டருக்கு மதிப்பெண் விழும்.

ஒரு விதி மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2024 முதல் என்சிஏஏ மகளிர் ஆட்டத்தில், இரண்டாவது தொடுதலில் பந்து கையில் இருமுறை பட்டாலும், அது சொந்த அணிக்காரிக்கே போகிற வரை தப்பில்லை. "டபுள்" என்ற விசிலுக்கு நடுங்கி வளர்ந்த தலைமுறைக்கு இது பெரிய விடுதலை. அதற்காகக் கையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சுழலாமல் வரும் பந்துதான் அடிக்கிறவளுக்குச் சுகம்; கோச்சுகள் அதை இன்னமும் பார்க்கிறார்கள்.

செட்டரும் பின்வரிசையில் டிஃபன்ஸ் ஆட வேண்டும், முன்வரிசையில் பிளாக் போட வேண்டும். குள்ளமான செட்டர் என்றால் எதிரணியின் இடது அட்டாக்கர் அவள் தலைக்கு மேலேதான் அடிப்பாள். அந்தக் குறையை மறைக்கிற வீடியோ நம்பிக்கையைக் கெடுக்கும். பிளாக்குக்குச் சரியான இடத்தில் நின்றாள், கையைச் சரியாக நுழைத்தாள் என்று காட்டும் இரண்டு காட்சிகள் அதைவிடப் பெறுமதி.

லிபரோ: உயரம் கேட்காத இடம்

வாலிபாலில் உயரமில்லாதவர்களுக்கு வாழ்வு கொடுத்தது லிபரோ. சர்வதேசச் சம்மேளனம் 1998-ல் கொண்டுவந்தது. அமெரிக்கக் கல்லூரி மகளிர் ஆட்டத்துக்கு 2002-ல் வந்தது. டோக்கியோவில் சிறந்த லிபரோ விருது வாங்கிய ஜஸ்டின் வாங்-ஒரான்டெஸ் நெப்ராஸ்கா கல்லூரியில் ஆடியவர். ஐந்தரை அடி.

லிபரோ வீடியோ என்றாலே பாய்ந்து விழுந்து ஒற்றைக் கையால் எடுத்த பந்துதான் முதலில் வரும். பார்க்க விறுவிறுப்பு. அனுபவமுள்ள கோச் அதைப் பார்த்து, "இவள் ஏன் அங்கே முதலிலேயே நிற்கவில்லை?" என்று கேட்பார். நல்ல லிபரோ விழுவது குறைவு. அடிக்கிறவளின் தோளையும் முழங்கையையும் பார்த்து, பந்து எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு, அடி விழுவதற்குள் போய் நின்று, உடம்பை நிறுத்திவிடுவாள். பந்து தானாக அவளைத் தேடி வந்ததுபோல் இருக்கும். அலட்டல் இல்லாத அந்த ஆட்டம் வீடியோவில் எடுபடாது என்று பெற்றோர் வெட்டிவிடுகிறார்கள். வெட்டவே கூடாத பகுதி அதுதான்.

ரிசீவ்தான் லிபரோவின் மூலதனம். அமெரிக்காவில் அதை 0 முதல் 3 வரை மதிப்பிடுகிறார்கள். எதிரணியின் சர்வீஸ் நேரே பாயின்டாகிவிட்டால் 0. செட்டர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்கிற அளவுக்குத் துல்லியமாக வந்தால் 3. இதன் சராசரிதான் ஒரு லிபரோவின் ரேஷன் கார்டு. அந்தச் சராசரியை நம்பவைக்க ஒரே வழி, ஒரு செட் முழுவதையும் வெட்டாமல் அனுப்புவது. செட்டர் முதல் பந்தை எடுத்துவிட்டால் இரண்டாவது பந்தைத் தூக்கிக் கொடுப்பது பெரும்பாலும் லிபரோவின் தலையில் விழும். மூன்று மீட்டர் கோட்டுக்கு முன்னால் நின்று விரல்களால் கொடுத்தால், அந்தப் பந்தை நெட் உயரத்துக்கு மேலிருந்து அடிக்கக் கூடாது. ஆகவே கோட்டுக்குப் பின்னாலிருந்து எழும்பிக் கொடுக்கத் தெரிந்த லிபரோவைக் கண்டால் கோச் நிமிர்ந்து உட்காருவார்.

இங்கேதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு. சர்வதேச விதிப்படி லிபரோ சர்வீஸ் போட முடியாது. இந்தியாவில் ஆடும் லிபரோ ஆட்டத்தில் சர்வீஸே போட்டிருக்க மாட்டாள். அமெரிக்கக் கல்லூரி மகளிர் ஆட்டத்தில் லிபரோ ஒரு சுற்றில் சர்வீஸ் போடலாம், போடவும் வைப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்கிற லிபரோவின் வீடியோவில் சர்வீஸ் இல்லாவிட்டால், "இவளுக்கு வராதோ" என்ற சந்தேகம் எழும். வெறும் கோர்ட்டில் நின்றாவது, கடைசி மூலை, இரண்டு ரிசீவர்களுக்கு நடுவே என்று இலக்கு வைத்துப் பத்து சர்வீஸ் தனியாக எடுத்து இணைத்துவிட வேண்டும்.

இன்னொன்று. சர்வதேச ஆட்டத்தில் ஒரு செட்டுக்கு 6 மாற்று ஆட்டக்காரர்கள்தான். அமெரிக்கக் கல்லூரி மகளிர் ஆட்டத்தில் 15. இதனால் நம் ஊரில் பெயரே இல்லாத ஒரு வேலை அங்கே உண்டு: டிஃபன்சிவ் ஸ்பெஷலிஸ்ட். உயரமான அட்டாக்கர் பின்வரிசைக்கு வந்ததும் அவளை வெளியே எடுத்து, ரிசீவும் டிஃபன்ஸும் நன்றாக வருகிற ஒருத்தியை உள்ளே விடுவார்கள். மூன்று சுற்று ஆடிவிட்டு அவள் வெளியேறுவாள். லிபரோவாகக் களத்தில் ஒரு நேரத்தில் ஒருத்திதான். இந்த வேலைக்கு மூன்று நான்கு பேர். ஐந்தடி நான்கங்குலப் பெண் அமெரிக்கக் கல்லூரி அணியில் நுழைய மிக அகலமான வாசல் இதுதான் என்பது என் கணிப்பு.

நடுவில் நிற்பவளின் வீண் ஓட்டம்

கட்டுரையின் தொடக்கத்தில் பந்து வராமலே எழும்பிய பெண்ணைப் பார்த்தோமே, அவள் மிடில் பிளாக்கர். ஆறு பேரில் அதிகமாக எழும்புகிறவளும் அவளே, குறைவாகப் பந்து கிடைக்கிறவளும் அவளே. அவள் எழும்புவதைப் பார்த்து எதிரணியின் பிளாக்கர் ஏமாந்து கூடவே எழும்பினால், ஓரத்தில் நிற்கும் தோழிக்கு வழி திறக்கும். அந்த வீண் ஓட்டம்தான் அவள் வேலை. இருபது முறை பந்து வராவிட்டாலும் இருபத்தோராவது முறையும் அதே வேகத்தில் எழும்புகிறாளா என்று பார்க்கவே கோச்சுகள் எண்டு லைனில் காத்திருக்கிறார்கள். மூன்றாவது செட்டில், களைத்துப்போன நேரத்தில், வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவரின் அந்தப் பேனா நகர்ந்தது இதற்காகத்தான்.

பிளாக்கில் கையைவிடக் காலும் கண்ணும் முக்கியம். பந்து, செட்டர், மறுபடி பந்து, பிறகு அடிக்கிறவள் என்று கண் போகிற வரிசை ஒன்று இருக்கிறது. ஓரத்துக்கு நகர்ந்து பக்கத்துப் பிளாக்கரோடு இடைவெளி விடாமல் சேர வேண்டும். பந்து தடுக்கப்படாமல் போனாலும், இடைவெளி அடைபட்டிருந்தால் அது நல்ல பிளாக். அட்டாக்கில் முதலில், செட்டர் கையிலிருந்து பந்து கிளம்பும்போதே காற்றில் எழும்பியிருந்து அடிக்கிற வேகப்பந்து. பிறகு செட்டரின் பின்பக்கமாக ஓடி ஒற்றைக் காலில் எழும்பும் "ஸ்லைடு". மகளிர் ஆட்டத்தில் ஸ்லைடு வராத மிடில் பாதி மிடில்தான்.

உயரம்? இங்கே தப்ப முடியாது. வெறும் உயரத்தைவிட, ஓடி எழும்பி விரல் எட்டும் உயரத்தையே அவர்கள் கேட்பார்கள். பத்தடி தொடுகிறாள் என்றால் அமெரிக்க வாலிபால் வட்டாரத்தில் தலைகள் திரும்பும். மகளிர் நெட்டின் உயரம் 2.24 மீட்டர், பத்தடி என்பது அதற்கு மேல் கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர். இந்த எண்ணைக் கூட்டிச் சொல்லாதீர்கள். நேரில் வரும்போது முதலில் அளப்பது அதைத்தான்.

ஓரத்தில் நிற்கும் இருவர்

இடது ஓரத்து அட்டாக்கர் எல்லாம் செய்ய வேண்டியவள். டோக்கியோவில் போட்டியின் சிறந்த வீராங்கனையான ஜோர்டன் லார்சன் இந்த வார்ப்பு; அவரும் நெப்ராஸ்காவில் வளர்ந்து நெப்ராஸ்காவிலேயே படித்தவர். எதிரணி சர்வீஸைக் குறிவைப்பது இவள் மேல்தான். ரிசீவ் கெட்டால் கடைசியில் உயரமாகத் தூக்கிவிடப்படுவதும் இவளுக்குத்தான். எதிரே இரண்டு மூன்று கைகள் காத்திருக்கும். அந்தப் பந்தை எப்படி ஆடினாள் என்பதே கேள்வி. எதிரியின் விரல்நுனியில் பட்டு வெளியே போகும்படி அடித்தாளா, காலியிடத்தில் தட்டிவிட்டாளா, குறைந்தபட்சம் தவறு செய்யாமல் ஆட்டத்தை நீட்டினாளா?

இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பாயின்டான அடிகளிலிருந்து தவறுகளைக் கழித்து, மொத்த முயற்சியால் வகுப்பது. 40 முறை அடித்து 15 பாயின்ட், 7 தவறு என்றால் .200 வரும். 12 பாயின்ட் எடுத்து 2 தவறு மட்டும் செய்தவளுக்கு அதே 40 முயற்சியில் .250. ஊர்த் திடலில் பதினைந்து ஸ்மாஷ்காரிக்குத்தான் மாலை. கோச்சின் நோட்டில் பன்னிரண்டுக்காரி முந்திவிடுவாள்.

வலது ஓரத்தவளை இந்தியாவில் "யுனிவர்சல்" என்போம். நம் ஆண்கள் அணிகளில் அவர் அடிப்பதற்கென்றே இருப்பவர்; ரிசீவிலிருந்து விலக்கு. அமெரிக்கப் பெண்கள் ஆட்டத்திலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்கு ஆடிய ஜோர்டன் தாம்சன் 2019-ல் ஒரே ஆட்டத்தில் 50 பாயின்ட் அடித்தார். பின்னர் ஒலிம்பிக் தங்க அணியிலும் இருந்தார். ஆனால் எல்லாக் கல்லூரியும் தாம்சனைத் தேடவில்லை. எதிரணியின் வலுவான இடது அட்டாக்கரைத் தடுக்கும் பிளாக்கராகவே வலது ஓரத்தவளைப் பார்க்கிற கோச்சுகள் உண்டு. செட்டர் முதல் பந்தை எடுத்துவிட்டால் வலது ஓரத்தவள்தான் இரண்டாவதைக் கொடுக்க வேண்டும் என்கிற அணிகளும் உண்டு. பிளாக்கும் இரண்டாவது பந்தும் இல்லாத யுனிவர்சல் வீடியோ ஒற்றைச் சக்கர வண்டி. இடது கைக்காரியாக இருந்தால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். வலது ஓரத்தில் அது வரப்பிரசாதம்.

நான்கு நிமிடம், பாட்டு வேண்டாம்

கேமரா எண்டு லைனுக்குப் பின்னால், உயரமான முக்காலியில். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் ஸ்மாஷ் சினிமாபோல் இருக்கும்; யார் எங்கே நின்றார்கள் என்பது தெரியாது. கூடவே அப்பாவின் குரலும் பதிவாகும். "ரெஃப்ரீக்குக் கண் தெரியுதா?" என்று அப்பா கத்துவது கோச்சின் காதில் விழுந்தால், மகளோடு இவரையும் நான்கு வருடம் சுமக்க வேண்டுமே என்று யோசிப்பார். ஒலியை அணைத்துவிடுங்கள். பின்னணிப் பாட்டும் வேண்டாம்.

நான்கு நிமிடம் தாண்ட வேண்டாம். எந்த இடத்துக்கு விண்ணப்பமோ அந்த இடத்தின் முதன்மை வேலை முதல் அரை நிமிடத்தில் வந்துவிட வேண்டும்: லிபரோவுக்கு ரிசீவ், மிடிலுக்குப் பிளாக், செட்டருக்குக் கெட்டுப்போன பந்து. ஒவ்வொரு காட்சி தொடங்கும்போதும் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நொடி அம்புக்குறி. சர்வீஸ் போடுவதிலிருந்து பந்து தரையில் விழும் வரை ஓட விடுங்கள். பந்தைத் தொட்ட கணத்தை மட்டும் வெட்டி ஒட்டினால், பந்து வராத நேரத்தில் அவள் செய்ததெல்லாம் காணாமல் போய்விடும். கோச் தேடுவதே அதைத்தானே. ஒரு தவறையும் விட்டுவையுங்கள், அடுத்த பந்துக்கு அவள் எப்படித் தயாரானாள் என்பதோடு.

மின்னஞ்சலைப் பெண்ணே எழுத வேண்டும். பள்ளி முடிக்கும் ஆண்டு, இடம், உயரம், எழும்பி எட்டும் உயரம், மதிப்பெண் சராசரி, கிளப்பின் பெயர், ஜெர்சி எண், அடுத்து ஆடப்போகும் போட்டி. மதிப்பெண்ணைக் கடைசியில் ஒளிக்காதீர்கள். முதல் பிரிவில் ஆட 16 முக்கியப் பாடங்களும் 2.3 என்ற குறைந்தபட்சச் சராசரியும் வேண்டும். நல்ல மதிப்பெண் எடுத்தவளுக்குக் கல்லூரி வேறு வகைகளிலும் உதவ முடியும். ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகளிலும் மூன்றாம் பிரிவிலும் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. அங்கே கதவைத் திறப்பது படிப்புதான்.

பதில் வராவிட்டால் உடனே மனம் உடைய வேண்டாம். பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-க்கு முன் முதல் பிரிவுக் கோச் மாணவியோடு ஆள் எடுப்பது பற்றிப் பேசவோ எழுதவோ விதி அனுமதிப்பதில்லை. எட்டாம் வகுப்பில் ஒப்பந்தம் பேசிய கூத்துகளைத் தடுக்கவே இந்தத் தடை. நேரில் கல்லூரிக்கு அழைப்பது ஆகஸ்ட் 1-க்குப் பிறகு. ஜூன் 15 வரை கோச் கையில் இருப்பது மௌனம் மட்டுமே. ஆனால் மாணவி எழுதலாம், அவர் படிக்கலாம். ஜூன் 15 பிறந்த நள்ளிரவிலேயே ஃபோன் ஒலித்த வீடுகள் அமெரிக்காவில் உண்டு. அதற்குப் பிறகு சில வாரங்கள் ஆகியும் ஃபோன் ஒலிக்கவில்லை என்றால், அந்தக் கல்லூரியை விட்டுவிட்டு இரண்டாம் பிரிவையோ இரண்டு வருடக் கல்லூரிகளையோ பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஃபைலும் வீடியோவும்

நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கேட்டுப் போகிறவர்கள் கையில் பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று சான்றிதழ்கள் அடுக்காக இருக்கும். எங்கள் அணி ஜெயித்தது என்று அந்தக் காகிதம் சொல்லும். அணி ஜெயித்த ஆட்டத்தில் நீ எங்கே நின்றாய், என்ன செய்தாய் என்று சொல்லாது. அமெரிக்கக் கோச் அந்த ஃபைலைப் பிரிக்கக்கூட மாட்டார். ஃபோனும் முக்காலியும் இருந்தால் மாநிலப் போட்டியில் ஒரு செட்டை முழுதாக எடுத்துவிடலாம். அதைச் செய்கிற பள்ளிகள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

இந்தியாவிலிருந்து முயல்கிறவர்கள் இரண்டில் ஏமாறக் கூடாது. முதலாவது, காசு. உங்கள் மகளின் வீடியோவை நூற்றுக்கணக்கான கோச்சுகளுக்கு அனுப்புகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். கோச்சின் மின்னஞ்சல் முகவரி கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கிறது. இரண்டாவது, காலம். பிளஸ் டூ முடித்து ஆண்டுக்கணக்கில் வெளியே ஆடிக்கொண்டிருந்தால் அங்கே ஆடக் கிடைக்கும் வருடங்கள் குறையலாம்; பணம் வாங்கி ஆடியிருந்தால் அதையும் கேள்வி கேட்பார்கள். என்சிஏஏவின் தகுதி மையத்தில் பதிவு செய்துவிட்டு, சந்தேகத்தை அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

ஓர் இடத்துக்கென்றே வீடியோ தயாரிக்கச் சொல்லிவிட்டு, இடம் மாறினால் என்ன செய்வது என்று சொல்லாமல் முடிக்க முடியாது. வலது ஓரத்துக்கு என்று எடுத்தவளை மிடிலாக்குவார்கள். ஒரு கோடையில் எல்லாம் மாறும். நெப்ராஸ்கா அணியில் டேனி பஸ்பூம் என்ற பெண் செட்டராகச் சேர்ந்தார். கடைசி வருடம் அவரை லிபரோ ஆடச் சொன்னார்கள். பந்தைத் தூக்கிக் கொடுத்த கையைக் கீழே இறக்கி, சர்வீஸை எடுக்கப் போனார். அந்த வருடம், 2006-ல், நெப்ராஸ்கா தேசிய சாம்பியன் ஆனது. இப்போது அவர் பெயர் டேனி பஸ்பூம் கெல்லி. 2025 முதல் நெப்ராஸ்காவின் தலைமைக் கோச் அவர்தான். எண்டு லைனுக்குப் பின்னால் நோட்டோடு உட்கார்ந்து, அடுத்த லிபரோ யார் என்று பார்க்கிறவரும் அவர்தான்.